ஓடும் வண்டியில் பதில் கிடையாது

டிப்போவில் அக்காவுக்குப் ‘பூட்டு’ என்று பெயர். வைத்தவர் டைம்கீப்பர். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ‘வண்டி ஓடும்போது ஓட்டுநருடன் பேசக் கூடாது’ என்று ஒரு தகடு இருக்கிறது. எல்லா பஸ்ஸிலும் இருக்கிறது. அதைப் படித்து அதன்படி நடந்த ஒரே ஓட்டுநர் அக்காதான் என்பது டிப்போவின் கருத்து.

“அது பயணிகளுக்குப் போட்டது. நீ பேசினா யார் கேக்கப் போறாங்க?” என்று சக ஓட்டுநர்கள் கேட்டதுண்டு.

“அவங்க பேசக்கூடாதுன்னா நான் யார்கிட்ட பேசுறது?” என்பாள் அக்கா.

ஸ்டாப்பில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, கதவைத் திறந்தபிறகு எதைக் கேட்டாலும் பொறுமையாகச் சொல்வாள். கதவு மூடினால் பேச்சும் மூடிவிடும். வாக்கியம் பாதியில் நின்றிருந்தால் மீதி அடுத்த ஸ்டாப்பில் வரும். தினமும் ஏறுகிறவர்களுக்கு இது பழகிவிட்டது. புதிதாக ஏறியவர்கள் பாதி வழியைக் கேட்டுக்கொண்டு முழித்தால் பழையவர்கள் சமாதானம் சொல்வார்கள்: “இருங்க, அடுத்த ஸ்டாப்புல மிச்சம் வரும்.”

அவளுடைய ரூட் மார்க்கெட் முனையிலிருந்து ஆஸ்பத்திரி வரை. நடுவில் கடிகாரக் கோபுரம், மியூசியம், மிருகக்காட்சிச் சாலையின் நீண்ட சுவர், பழைய கோர்ட், ஆற்றின்மேல் பெரிய பாலம். பாலத்தைத் தாண்டினால் ரயில் நிலையம். வெளியூர்க்காரர்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் எல்லாமே அவள் ரூட்டில் வருகின்றன. அவள் எதற்குள்ளும் போனதில்லை. மியூசியத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால், திங்கட்கிழமை மூடியிருக்கும், அன்றைக்கு ஸ்டாப்பில் கூட்டம் குறைவு, மழை பெய்தால் வாசலில் தண்ணீர் தேங்கும் என்று மூன்று விஷயம் சொல்வாள். மூன்றும் உண்மை.

வண்டி ஓடாதபோது அக்கா பேசிய பேச்சில் முக்கால்வாசி அவள் தம்பியைப் பற்றியது. அவளைவிட ஒன்பது வயது சின்னவன். அம்மா போனபிறகு அவனுக்குத் தலை சீவிவிட்டதும் சட்டைப் பொத்தான் தைத்துக் கொடுத்ததும் அவள்தான். கல்யாணமாகிக் கடல் தாண்டி இந்த ஊருக்கு வந்த நாளில் அவன் பள்ளிக்கூடப் பையன். இப்போது எஸ்கலேட்டர் மெக்கானிக். அக்காவின் வாயால் கேட்டால், உலகத்தில் படியேறாமல் மேலே போகிறவர்கள் எல்லோரும் அவனுக்குக் கடமைப்பட்டவர்கள். டிப்போவில் இதை நம்பாதவர்கள்கூட மறுத்துப் பேசுவதில்லை. மறுத்தால் மறுபடி முதலிலிருந்து சொல்வாள்.

அந்தத் தம்பி ஒரு நாள், வழக்கமாகக் கூப்பிடும் ஞாயிற்றுக்கிழமை இல்லாமல், வேலை செய்யும் இடத்திலிருந்து கூப்பிட்டான். பின்னால் இயந்திரச் சத்தம்.

“அக்கா, அடுத்த வாரம் வேலை விஷயமா வெளிநாடு போறேன். உங்க ஊர்ல ஃப்ளைட் மாறணும். ஒன்பது மணி நேரம் நிக்கணும்.”

“எதுக்கு நிக்கணும்? வீட்டுக்கு வா.”

“வரேன். உன்கிட்ட ஒண்ணு பேசணும்.”

“இப்பவே பேசு.”

“நேர்ல பேசுறேன்.”

அக்கா அவன் வரும் நாளைப் பார்த்தாள். வேலை நாள். டைம்கீப்பரிடம் போய் நின்றாள்.

“ஒருத்தனுக்கு முதுகுவலி, ஒருத்தனுக்குக் கல்யாணம், ஒருத்தன் என்ன ஆனான்னே தெரியல. நீயும் லீவுன்னா நான்தான் வண்டி எடுக்கணும். எனக்கு லைசென்ஸ் கிடையாது” என்றார் டைம்கீப்பர்.

“என் தம்பி வர்றான்.”

“எஸ்கலேட்டர் தம்பியா?”

“எனக்கு வேற தம்பி இல்ல.”

“அப்ப உன் பஸ்ஸுலயே உக்கார வச்சு ஊரைச் சுத்திக் காட்டு.”

அவர் விளையாட்டாகச் சொன்னார். அக்கா அதை அனுமதியாக எடுத்துக்கொண்டாள். அன்று இரவே தம்பிக்குச் செய்தி போயிற்று: போகும்போது இடது பக்கம் கடிகாரக் கோபுரம், வலது பக்கம் மியூசியம், திரும்பி வரும்போது பக்கம் மாறும், குழம்பாதே, முன்படிக்கட்டுக்குப் பக்கத்து ஒற்றை இருக்கையில் உட்கார், வண்டி ஓடும்போது நான் எதையும் காட்டமாட்டேன், நீயே பார்த்துக்கொள்.

அவன் வந்த அன்று வானம் மூடியிருந்தது. சுரங்க ரயிலிலிருந்து மேலே ஏறி மார்க்கெட் முனைக்கு வந்தான். தோளில் ஒரு பை, கையில் ஒரு தாள். ‘ஒரே பகலில் நகரம்’ என்று இணையத்திலிருந்து அச்செடுத்தது. படகுச் சவாரி, மியூசியம், கோபுர உச்சி என்று மூன்றுக்குக் கோடு போட்டிருந்தான்.

“என்னடா லேட்டு?”

“கீழ ஒரு எஸ்கலேட்டர் இருக்குக்கா. எவ்வளவு நீளம் தெரியுமா? ரெண்டு தடவ ஏறினேன்.”

“சாப்பிட்டியா?”

“ஃப்ளைட்ல குடுத்தாங்க.”

“அது சாப்பாடா?”

“அவங்க அப்படித்தான் சொன்னாங்க.”

அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தாள். “எளச்சிட்ட.”

“போன வருஷம் ஃபோன்லயும் இதையேதான் சொன்ன.”

“போன வருஷமும் எளச்சுத்தான் இருந்த. அந்தத் தாள உள்ள வை. அதுல இருக்கிறதெல்லாம் என் ரூட்டுலயே வருது.”

“படகு?”

“பாலத்துமேல போறப்ப கீழ தெரியும்.”

தம்பி தாளை மடித்தான். “அக்கா, நான் பேசணும்னு சொன்னேனே…”

“ஆஸ்பத்திரி முனையில பேசலாம். அங்க ரெஸ்ட் டைம் இருக்கு. ஏறு.”

முதல் டிரிப்பில் தம்பி ஊரைப் பார்த்தான். பார்க்காமல் இருக்கவும் முடியாது, ஜன்னல் பெரியது. கடிகாரக் கோபுரம் இடப்பக்கம் வந்து போயிற்று. மியூசியத்துக்கு வெளியே ஒரு கல் குதிரை நின்றது. அதன் பின்பாதி மட்டும் அவனுக்குக் கிடைத்தது. மிருகக்காட்சிச் சாலையின் சுவர் வெகுநேரம் ஓடியது. சுவருக்கு மேல் ஒரு ஒட்டகச்சிவிங்கியின் தலை தெரியும் என்று அக்கா செய்தியில் சொல்லியிருந்தாள். அது அன்று உள்ளே இருந்தது. பாலத்தில் ஏறியபோது கீழே படகு தெரிந்தது. அதில் இருந்தவர்கள் மேலே பார்த்துப் படம் எடுத்தார்கள். அந்த வகையில் தம்பியும் அவர்களுடைய சுற்றுலாவில் ஒரு பகுதியானான்.

ஆஸ்பத்திரி முனையில் அக்கா இறங்கினாள். வண்டியைச் சுற்றி நடந்தாள். ஒவ்வொரு டயரையும் காலால் தட்டி, குனிந்து அடியில் பார்த்து, கண்ணாடிகளைத் துணியால் துடைத்தாள். தம்பி பின்னாலேயே நடந்தான்.

“சொல்லு.”

“அப்பாவைப் பத்தி…”

“இரு, பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்.”

திரும்பி வந்தபோது நேரமாகிவிட்டது. அடுத்த டிரிப்பில் ஒரு பள்ளிக்கூடமே ஏறி இறங்கியது. வண்டி தாமதமானால் ரெஸ்ட் டைமில்தான் கழியும். மார்க்கெட் முனையில் வண்டியைத் திருப்ப மட்டுமே நேரம் இருந்தது. அதற்கடுத்த டிரிப்பில் ஆஸ்பத்திரி முனையில் பரிசோதகர் ஒருவர் ஏறி, வண்டியின் தீயணைப்பு உருளையைப் பற்றி அக்காவிடம் நீளமாகப் பேசினார். சொல்ல முடியாத விஷயம் தம்பியின் மண்டையைக் குடைந்தது. அதற்குள் கல் குதிரையை இரண்டு பக்கமும் பார்த்து முடித்திருந்தான். வாடிக்கையாக வரும் கண்ணாடிக் கடைக்காரர் எந்த ஸ்டாப்பில் ஏறுவார், பாட்டு டீச்சர் எந்த ஸ்டாப்பில் இறங்குவார் என்பதும் பழகிவிட்டது.

மதியம் மார்க்கெட் முனையை ஒட்டிய டிப்போ கேன்டீனில் அரை மணி நேரம் கிடைத்தது. அக்கா ஒரு தப்புச் செய்தாள். ஓரத்து மேஜையில் அவனோடு தனியாக உட்காராமல், நடு மேஜைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

“இவன்தான்” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லவும் தேவையிருக்கவில்லை.

ஓட்டுநர்கள், ஒர்க்‌ஷாப் ஃபிட்டர்கள், டைம்கீப்பர் என்று எல்லோரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். பல வருடம் காதால் கேட்ட ஆளைக் கண்ணால் பார்க்கிற ஆர்வம்.

“ஏன் தம்பி, எஸ்கலேட்டர்ல நாம நிக்கிறோம், கை மட்டும் முன்னால போகுதே, அது ஏன்?” என்றார் ஒரு ஃபிட்டர்.

தம்பி வாயைத் திறக்குமுன் அக்கா சொன்னாள்: “கைப்பிடிய வேணும்னேதான் ஒரு நூல் முந்தி ஓட விடுறது. பின்தங்கினா ஆள் பின்னால சாஞ்சிடுவான்.”

“சரியா தம்பி?” என்று ஃபிட்டர் தம்பியைப் பார்த்தார்.

“சரிதான்” என்றான் தம்பி. அவன் கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது.

“உங்க அக்கா பேசுறத கேட்டா நீங்க உலகத்துக்கே படி போட்டவர் மாதிரி இருந்தது. நேர்ல பாத்தா சாதாரணமாத்தான் இருக்கீங்க” என்றார் டைம்கீப்பர்.

“அவன் ஃப்ளைட்ல வந்திருக்கான். களைப்பு” என்றாள் அக்கா.

அந்த அரை மணி நேரம்போல அவளுக்கு ஒரு நல்ல நேரம் டிப்போவில் வாய்த்ததில்லை. தம்பி என்னவோ பேச வேண்டும் என்றானே என்ற நினைப்பு, தட்டைக் கழுவிவைத்து வண்டிக்கு நடக்கும்போதுதான் வந்தது.

“சொல்லுடா, என்ன விஷயம்?” என்றபடி படியில் ஏறினாள். அதற்குள் நான்கு பேர் முண்டியடித்து ஏறினார்கள். நேரமும் ஆகிவிட்டது. “இந்த டிரிப்ல ரயில் நிலையத்துல இறங்கிடு. அங்கிருந்து ஏர்போர்ட் ரயில். ஒண்ணு தவறினாலும் அடுத்ததப் பிடிச்சிடலாம்” என்று சொல்லிக் கதவை மூடினாள்.

தம்பிக்குக் கணக்குப் புரிந்தது. ரயில் நிலையம் ஆஸ்பத்திரி முனைக்கு முன்னாலேயே வந்துவிடும். இனி ரெஸ்ட் டைம் கிடையாது. ஸ்டாப்புகளில் முயன்று பார்த்தான். கடிகாரக் கோபுரத்தில் ஒரு கிழவர் வழி கேட்டார். மியூசியத்தில் ஒரு பெண் மீன்தொட்டியோடு ஏறினாள். தண்ணீர் சிந்தாமல் அவளை உட்கார வைக்கவே நேரம் போயிற்று. பழைய கோர்ட்டில் கண்ணாடிக் கடைக்காரர் ஏறி அக்காவிடம் வணக்கம் சொல்லி, பதில் வணக்கம் வாங்கிக்கொண்டார். கதவு மூடியது. அடுத்தது பாலம். பாலத்தில் ஸ்டாப் இல்லை.

தம்பி தகட்டைப் பார்த்தான். பிறகு தகட்டைப் பார்க்காமல் பேச ஆரம்பித்தான்.

“அக்கா, நீ பதில் சொல்லவேணாம். கேட்டா போதும். எனக்கு அங்க ரெண்டு வருஷத்துக்கு வேலை குடுக்கறாங்க. புது ரயில் நிலையம், எல்லா எஸ்கலேட்டரும் என் பொறுப்பு. நாளைக்குக் காலையில கையெழுத்து. ஆனா அப்பாவைத் தனியா விட முடியாது. போன மாசம் அடுப்ப அணைக்காம வாக்கிங் போயிட்டாரு. இப்பவும் பக்கத்து வீட்டுல சொல்லி வச்சுட்டுத்தான் வந்திருக்கேன். ஞாயித்துக்கெழம ஃபோன்ல இதெல்லாம் சொல்ல முடியாது, ஸ்பீக்கர்ல போடச் சொல்லி பக்கத்துலயே உக்காந்திருப்பாரு. அப்பா உன்கிட்ட வந்து இருக்கணும்க்கா. முடியாதுன்னா நான் இங்கிருந்தே ஊருக்குத் திரும்பிடறேன். அந்த ஃப்ளைட்டும் இன்னிக்குச் சாயங்காலம் இருக்கு. எதுல ஏறணும்னு நீதான் சொல்லணும்.”

அக்கா கியர் மாற்றினாள். வண்டி பாலத்தில் ஏறியது.

பஸ்ஸில் அந்தப் பேச்சைக் கேட்காதவர்கள் யாரும் இல்லை. மீன்தொட்டிப் பெண் தொட்டியைத் தாண்டி எட்டிப் பார்த்தாள். எல்லோரும் அக்காவின் பின்கழுத்தையே பார்த்தார்கள். கழுத்தில் மாற்றம் எதுவும் இல்லை.

பாலத்தின் நடுவை எட்டுமுன் முன்னால் போன வண்டிகளில் சிவப்பு விளக்குகள் எரிந்தன. அக்காவும் நிறுத்தினாள். எங்கோ முன்னால் ஒரு லாரி பழுதாகிப் படுத்துவிட்டிருந்தது.

“இப்ப நிக்குதே, பேசலாமே” என்றாள் மீன்தொட்டிப் பெண். இந்த ரூட்டுக்குப் புதியவள்.

“என்ஜின் ஓடுதுல்ல? என்ஜின் ஓடினா வண்டி ஓடுற கணக்குத்தான்” என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

“யார் சொன்னது?”

“அவங்க சொல்லல. நாங்களா கண்டுபிடிச்சது.”

அக்கா முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலைக்குள் அவள் ஹாலை அளந்துகொண்டிருந்தாள். வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. படுக்கையறை ஒன்றுதான். ஹாலில் சோபாவை நகர்த்தினால் ஒரு கட்டில் போடலாம். வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறார், விடியலில் போனால் சாயங்காலம் வருவார். பகலில் அப்பாவும் ஹாலும் மட்டும். இதெல்லாம் சமாளிக்கக்கூடியது. சமாளிக்க முடியாதது அப்பாதான்.

அப்பா டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பள்ளிக் காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. மகளுக்குக் கற்றுக்கொடுத்தபோது அவள் ஓட்டிய தூரத்தைவிட அவர் பிரேக் பிடித்த தூரம் அதிகம். மூன்றாவது வகுப்பில் காரைவிட்டு இறங்கி, ‘உனக்கு இது வராது’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தே போனார். கல்யாணத்துக்குப் பிறகு இந்த ஊரில் அவள் லைசென்ஸ் எடுத்ததைக் கேட்டு, டெஸ்ட் எடுத்த அதிகாரி அன்றைக்குத் தூக்கத்தில் இருந்திருப்பார் என்றார். பஸ் வேலை கிடைத்தபோது ஊராரிடம், “அவ போக்குவரத்து ஆபீஸ்ல இருக்கா” என்று சொல்லி வைத்தார். இத்தனை வருட ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. அவர் சோபாவில் உட்கார்ந்தாலும் பிரேக்கைத் தேடுவதுபோல வலது காலை முன்னால் நீட்டித்தான் வைப்பார். அந்தக் கால் தன் ஹாலில் இரண்டு வருடம் நீண்டிருப்பதை அக்கா நினைத்துப் பார்த்தாள். அந்தக் கால் எங்கே முடியும் என்றும் பார்த்தாள். ஜன்னலுக்கு அருகில் முடிந்தது.

பின்னால் தம்பி பொறுமை இழந்தான். “சரி. புரிஞ்சுது” என்றான்.

“என்ன புரிஞ்சுது?” என்றார் பாட்டு டீச்சர்.

“முடியாதுன்னு.”

“அவங்க ஒண்ணுமே சொல்லலையே தம்பி.”

“அதான்.”

“சொல்லலங்கறது வேற, மாட்டேங்கறது வேற. பதினோரு வருஷமா இந்த வண்டியில வரேன். இங்க சொல்லாம இருக்கிறதுக்கு அர்த்தமே கிடையாது.”

“அவங்க வலது காது கொஞ்சம் செவந்திருக்கு. கோபம்னு நெனைக்கிறேன்” என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

“வெயில் அந்தப் பக்கம் அடிக்குது” என்றார் டீச்சர். வானம் மூடியிருந்ததை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

தம்பி கைபேசியை எடுத்தான். “எங்க மேனேஜர்கிட்ட வரலன்னு சொல்லிடறேன். லேட்டா சொன்னா அவங்களுக்கும் கஷ்டம்.” எண்ணைத் தேட ஆரம்பித்தான்.

கண்ணாடியில் அக்கா அதைப் பார்த்தாள். அவன் விரல் திரையில் ஏறி இறங்கியது. அவள் கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது. சொல்ல வேண்டியது நாக்கு நுனிவரை வந்து நின்றது.

அப்போது டிப்போ ரேடியோ கரகரத்தது. “பாலத்துல இருக்கிற எல்லா வண்டியும் கவனிக்கவும். லாரிய எடுக்க நேரமாகும். என்ஜின ஆஃப் பண்ணி நிறுத்தவும்.”

அக்கா ஹேண்ட்பிரேக் போட்டாள். நியூட்ரலுக்குக் கொண்டுவந்தாள். சாவியைத் திருப்பினாள். எச்சரிக்கை விளக்கைப் போட்டாள். பிறகு இருக்கையில் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தாள். பதினோரு வருடமாக வந்த பாட்டு டீச்சரே பாலத்தின்மேல் அந்த முகத்தை அன்றுதான் பார்த்தார்.

“ஃபோன கீழ வை” என்றாள்.

தம்பி வைத்தான்.

“மேனேஜர் ஒண்ணும் ஓடிப்போகமாட்டான். கேள்விய கேட்டுட்டு ஒரு பாலம் தாண்டுறவரைக்கும் பொறுக்க முடியல உனக்கு.”

“நீ பேசவே இல்லையேக்கா.”

“எப்ப பேசியிருக்கேன்? காலையிலேருந்து பாக்குறல்ல?” அக்கா விரலை மடக்கினாள். “கட்டில் போட இடம் இருக்கு. மூணு மாடி, காலையில ஒரு தடவ எறங்கி ஒரு தடவ ஏறினா போதும், நானே கூட்டிக்கிட்டுப் போவேன். அடுப்ப நான் வேலைக்குக் கெளம்பறப்ப அடியோட மூடிட்டுப் போயிடுவேன். அவருக்கு மதியத்துக்கு டப்பாவுல போட்டு வச்சிடலாம். எனக்கு ஒண்ணும் இல்ல. அவர் வருவாரா? அதக் கேட்டியா?”

“இல்ல.”

“அவரக் கேக்காம என்னைக் கேக்க வந்தியா?”

“உன்ன கேக்கறது சுலபம்னு நெனச்சேன்.”

பஸ்ஸில் யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. “கூப்பிடு அவர” என்றாள்.

தம்பி கூப்பிட்டான். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

“ஃப்ளைட் ஏறிட்டியா?”

“இல்லப்பா. அக்கா பஸ்ல இருக்கேன்.”

“ஸ்பீக்கர்ல போடு” என்றார் அப்பா.

போட்டான்.

“சத்தத்தையே காணோம். வண்டி ஓடலையா?”

“பாலத்துல நிக்குது. டிராஃபிக்.”

“ஹேண்ட்பிரேக்?”

“போட்டிருக்கேன்” என்றாள் அக்கா.

“கியர்?”

“நியூட்ரல்.”

“பாலம் ஏத்தமா?”

“ஏத்தம்.”

“ஏத்தத்துல நியூட்ரலா? ஃபர்ஸ்ட்ல போட்டு நிறுத்து.”

பஸ் முழுவதும் அக்காவைப் பார்த்தது.

“இது பஸ்ஸுப்பா. காத்து பிரேக். கியர் வேணாம்.”

“காரா இருந்தா?”

“காரா இருந்தா ஃபர்ஸ்ட்.”

“ம்” என்றார் அப்பா.

மூன்றாவது வகுப்புக்குப் பிறகு வண்டி ஓட்டுவதைப் பற்றி இருவரும் பேசியது இதுதான். அக்கா அதை நினைத்துக்கொண்டு உட்காரவில்லை. லாரியை எந்த நேரமும் எடுத்துவிடுவார்கள்.

“அப்பா, தம்பிக்கு அங்க ரெண்டு வருஷம் வேலை. நீங்க இங்க வந்து எங்களோட இருங்க.”

“நான் எதுக்கு அங்க? எனக்கு இங்க எல்லாம் இருக்கு.”

“அடுப்பும் இருக்கு.”

“அவன் சொல்லிட்டானா?” அப்பாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. “வீட்டுக்கு எத்தன மாடி ஏறணும்?”

“மூணு. லிஃப்ட் இல்ல.”

“ஊருக்கெல்லாம் எஸ்கலேட்டர் போடுறான், கூடப்பொறந்தவ வீட்டுக்கு ஒண்ணு போடல.”

“அப்பா…” என்றான் தம்பி.

“அங்க வந்து நாள் பூரா நான் என்ன பண்றது? சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காரவா?”

“சுவர் இல்ல, ஜன்னல்” என்றாள் அக்கா. “உங்க கட்டில் ஜன்னல ஒட்டி. கீழ எங்க டிப்போ. விடிஞ்சதுலேருந்து அத்தன வண்டியும் ரிவர்ஸ் எடுத்துத்தான் வெளிய போகும்.”

அப்பா நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. “கண்ணாடி பாத்து எடுக்கறாங்களா?”

“பாதிப் பேர் பாக்கறதில்ல.”

“பாக்காம எப்படி எடுக்கறாங்க?”

“தலைய வெளிய நீட்டி.”

அப்பா நாக்கால் ஒரு சத்தம் செய்தார். பள்ளிக் காரில் கற்றுக்கொள்ள வந்தவர்கள் எல்லோரும் அஞ்சி நடுங்கிய சத்தம் அது. “அவங்கள யாரும் கேக்கறதில்லையா?”

“கேக்க ஆளில்ல.”

முன்னால் சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பின்னாலிருந்து ஹார்ன் அடித்தார்கள். அக்கா திரும்பி உட்கார்ந்து சாவியைப் போட்டாள். என்ஜின் உறுமியது.

“அப்ப நான் அங்க… ஏய், கேக்குதா? லைன்ல இருக்கியா?” என்றார் அப்பா.

“வண்டி எடுத்துட்டாப்பா. இனிமே பேசமாட்டா” என்றான் தம்பி.

“ஏன்?”

“ஓட்டும்போது பேசமாட்டா.”

“நான் சொல்லிக்கொடுத்தது அது” என்றார் அப்பா. அந்த மூன்று வகுப்பிலும் அவர் ஒரு நிமிடம்கூடப் பேசாமல் இருந்ததில்லை. அக்கா அதைச் சொல்ல முடியாத நிலையில் இருந்தாள். “ஃபோன கொஞ்சம் முன்னாடி நீட்டு. செகண்டு… இப்ப தேர்டு போடணும். போட்டுட்டா. கொஞ்சம் முன்னாடியே போட்டிருக்கலாம்.”

“இவர் வந்தா டிப்போ தாங்காது” என்றார் கண்ணாடிக் கடைக்காரர், மெதுவாக.

“யாரு அது?” என்றார் அப்பா.

பாலம் இறங்கியது. ரயில் நிலைய ஸ்டாப். அக்கா ஓரம் கட்டினாள், ஹேண்ட்பிரேக் போட்டாள், கதவைத் திறந்தாள். ஒரு நொடி வீணாக்கவில்லை.

“அப்பா, வருவீங்களா மாட்டீங்களா? கதவு திறந்திருக்கு, சீக்கிரம் சொல்லுங்க. இவன் எந்த ஃப்ளைட்ல ஏறணும்னு தெரியணும்.”

மீன்தொட்டிப் பெண் இறங்கவேண்டிய இடம் அது. அவள் படியில் ஒரு காலை வைத்து, தண்ணீர் தளும்புகிறது என்று நின்றாள். தண்ணீர் தளும்பவில்லை. பாட்டு டீச்சர் அவளுக்குப் பின்னால் நின்று, அவசரமில்லைம்மா, மெதுவா, என்றார்.

“போலீஸ் மாதிரி கேக்குற” என்றார் அப்பா. “ஜன்னல் எந்தப் பக்கம்?”

“கெழக்கு. காலையில வெயில் வரும்.”

“திரை போட்டிருக்கியா?”

“இல்ல. வாங்கிப் போடறேன்.”

“வேணாம். திரை போட்டா ஒண்ணும் தெரியாது.”

அக்கா கண்ணாடியில் தம்பியைப் பார்த்தாள். தம்பி அவளைப் பார்த்தான். இரண்டு பேருக்கும் அப்பாவைத் தெரியும். இதைவிட நேராக அவர் ‘சரி’ என்று சொல்லமாட்டார்.

“அப்ப நான் வேலைக்கே போறேன்ப்பா” என்றான் தம்பி.

“யார் புடிச்சு வச்சது உன்ன? போ. நேரமாச்சு.”

தம்பி பையைத் தோளில் மாட்டினான். படியில் நின்று அக்காவின் பக்கம் திரும்பினான். கண் ஈரமாக இருந்தது. அக்கா அதைக் கவனித்தாள், கதவையும் கவனித்தாள்.

“கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி முழுசாப் படிச்சுப் பாரு. அங்க போயி ஒழுங்காச் சாப்பிடு. ஏர்போர்ட் ரயில் ரெண்டாவது பிளாட்பாரம், அதுல மாறி ஏறிடாதே. எறங்கு, பின்னால ஆள் நிக்கிறாங்க.”

அவன் இறங்கினான். கதவு மூடியது. கண்ணாடியில் அவன் கையாட்டியது தெரிந்தது. அக்கா இண்டிகேட்டரைப் போட்டு வண்டியைச் சாலைக்குக் கொண்டுவந்தாள்.

ஆஸ்பத்திரி முனையை அடைந்தபோது ரெஸ்ட் டைம் எல்லாம் லாரியில் கரைந்து, மிச்சம் கொஞ்சம்தான் இருந்தது. அக்கா டயர்களைத் தட்டிவிட்டு, எதிரே ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்குக் கைபேசியில் கூப்பிட்டாள். அவள் வீட்டுக்காரர் எடுத்தார். பின்னால் பெரிய இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது.

“இன்னிக்கு வரும்போது பக்கத்து வீட்டுக்காரரையும் ஒரு கை பிடிக்கக் கூப்பிட்டு சோபாவ ஜன்னல்லேருந்து நகத்தி வைங்க. கட்டில் போடணும்.”

“யாருக்கு?”

“எங்கப்பாவுக்கு. ரெண்டு வருஷம்.”

இயந்திரம் ஒரு சுற்றுச் சுற்றி முடித்தது.

“என்னையும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே” என்றார் அவர்.

“கேட்டிருப்பேன். வண்டி நின்ன நேரம் அவருக்கே பத்தல.”

“பஸ் ஓட்டுறவங்கள பாத்தா அவருக்குப் பிடிக்காதே” என்றார்.

“அதுக்குத்தான் ஜன்னல் பக்கம்” என்றாள் அக்கா.

“சோபாவ எந்தச் சுவத்துக்குத் தள்ளணும்?”

அவள் அதைச் சொல்வதற்குள் நேரமாகிவிட்டது. ஏறி உட்கார்ந்து கதவை மூடினாள்.